கேம்பர் டிரெய்லர் இழுக்க டீசல் டிரக்கா, பெட்ரோல் டிரக்கா?

முதல்பயணம் எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக வசித்துவரும் நாங்கள், கோடை விடுமுறைகளில் மேற்கு மாநிலங்களின் தேசியப் பூங்காக்களுக்குச் சொந்தமாக ஒரு கேம்பரை இழுத்துச் சென்று தங்குவது என்று இந்த ஆண்டு முடிவு செய்திருக்கிறோம். 29 அடி நீளமுள்ள ஒரு டிரெய்லரைப் பார்த்துப் பேசி வைத்தாயிற்று. விளம்பரத் தாளில் அதன் வெற்று எடை 6,800 பவுண்டு என்றும், சாமான்களையும் தண்ணீரையும் ஏற்றிய பின் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை 8,800 பவுண்டு என்றும் அச்சிட்டிருக்கிறார்கள்.

இனி டிரக் வாங்க வேண்டும். முக்கால் டன் வகையில், அதாவது எஃப்-250, 2500 என்ற எண்களில் வரும் வண்டிகளில் ஒன்றை வாங்க எண்ணுகிறோம். டீசல் எஞ்சினுக்கு ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். விற்பனையாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் “இழுப்பதென்றால் டீசல்தான்” என்கிறார்கள். அலுவலக நண்பர் ஒருவரோ புதிய டீசல் வண்டிகளின் புகைச் சுத்திகரிப்புக் கருவிகள் பெரிய தலைவலி என்று எச்சரிக்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் எங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று எங்களால் எடைபோட முடியவில்லை. நாங்கள் நான்கு பேர்: கணவர், நான், இரண்டு பிள்ளைகள். ஆண்டுக்கு 5,000 மைல் டிரெய்லரோடும், 7,000 மைல் டிரெய்லர் இல்லாமலும் ஓடும் என்று கணக்கிட்டிருக்கிறோம். கொலராடோ மலைகளை 70ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது கடப்போம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெடும்பயணி எழுதிய பதில்:

வணக்கம் சகோதரி. பதினோரு ஆண்டுகளாக டிரெய்லர் இழுத்து வருகிறேன். இரண்டு வகை டிரக்குகளையும் வைத்திருந்திருக்கிறேன். எஞ்சினைப் பற்றிப் பேசும் முன்பாக, விற்பனையாளர் காட்டாத ஒன்றை நீங்களே பார்த்துவிட வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் டயர் காற்றழுத்தத்தைச் சொல்லும் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். அதில் “பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது” என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அந்த வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை அதுதான். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் “20,000 பவுண்டு இழுக்கும்” என்ற எண்ணைவிட இந்தச் சிறிய எண்தான் உங்களைக் கட்டுப்படுத்தப் போகிறது.

ஏனென்றால் டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் நிற்பதில்லை. வால்பகுதியில் கொக்கி மாட்டி இழுக்கும் டிரெய்லர் ஆடாமல் நேராக வர வேண்டுமானால், அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு டிரக்கின் கொக்கி மேல் இறங்கியே ஆக வேண்டும். உங்கள் 8,800 பவுண்டில் 13 விழுக்காடு என்று வைத்தால் 1,144 பவுண்டு. வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை, தண்ணீர் எல்லாம் ஏறிய பின் எந்த டிரெய்லரும் வெற்று எடையில் இருப்பதில்லை. எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி அமைப்பு மட்டுமே 100 பவுண்டு வரும். நான்கு பேருக்கு 600, பின்தொட்டியில் மிதிவண்டி, ஜெனரேட்டர், விறகு, கருவிப்பெட்டி என்று 300. கூட்டிப் பாருங்கள், 2,144 பவுண்டு ஆகிறது.

இந்த இடத்தில்தான் பலரும் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. டீசல் எஞ்சினும் அதன் கருவிகளும் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு அதிகம் எடையுள்ளவை. முக்கால் டன் டிரக்குகளில் பலவற்றை மொத்த எடை 10,000 பவுண்டு என்ற வரம்புக்குள் நிறுத்தியே பதிவு செய்கிறார்கள். வரம்பு மாறாமல் எஞ்சின் மட்டும் கனத்தால், அந்தக் கனம் உங்கள் சுமைத்திறனிலிருந்துதான் கழியும். அதனால் நான்கு கதவுகளும் வசதிகளும் நிறைந்த டீசல் வண்டியில் அந்த ஒட்டுத்தாள் 2,000க்குச் சற்று மேலோ கீழோ காட்டுவதையும், அதே வண்டி பெட்ரோல் எஞ்சினோடு வரும்போது 3,000ஐ ஒட்டிக் காட்டுவதையும் விற்பனை முற்றத்தில் நானே நின்று பார்த்திருக்கிறேன். டீசல் வாங்கினால் 20,000 பவுண்டு இழுக்கும் வலிமை கிடைக்கும், ஆனால் உங்கள் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிக் குடும்பத்தை ஏற்றியதுமே சுமை வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். சில நிறுவனங்கள் முக்கால் டன்னிலேயே உயர்ந்த வரம்போடு தருகின்றன. அப்படி அமையாவிட்டால், டீசல் வேண்டுமென்பவர் ஒரு டன் வகைக்கு, அதாவது 350, 3500 எண்களுக்குப் போய்விடுவதே முறை.

செலவையும் பார்த்துவிடலாம். இழுக்கும்போது பெட்ரோல் வண்டி கேலனுக்கு 9 மைலும் டீசல் 12 மைலும் எனக்குக் கொடுத்தன. உங்கள் 5,000 மைலுக்கு முறையே 556 கேலனும் 417 கேலனும் ஆகும். கணக்குக்காகப் பெட்ரோல் 3.20 டாலர், டீசல் 3.80 டாலர் என்று வைத்தால் 1,779 டாலருக்கு எதிராக 1,585 டாலர். ஆண்டுக்கு 194 டாலர் மிச்சம். டிரெய்லர் இல்லாத ஓட்டத்தில் மைலேஜ் வித்தியாசத்தை விலை வித்தியாசம் ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. டீசலுக்குக் கேலனுக்கு 24.4 சென்டும் பெட்ரோலுக்கு 18.4 சென்டும் மத்திய அரசின் வரியாக இருப்பதும் அந்த விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு. மறுவிற்பனையில் டீசல் கூடுதல் விலை பெறும் என்பது உண்மை. ஆனாலும் எரிபொருள் மிச்சத்தால் 10,000 டாலரை ஈட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், ஆண்டுக்கு எத்தனை மைல் இழுத்து என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள்.

மலைச்சாலை எழுதிய பதில்:

நெடும்பயணி ஐயா சொன்ன எடைக்கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சகோதரி கடக்கப்போவது 70ஆம் எண் சாலை என்பதால் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச வேண்டும்.

அந்தச் சாலையில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல்மட்டத்திலிருந்து 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 விழுக்காடு வலிமையை இழக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 கடல்மட்டத்தில் தரும் 430 குதிரைத்திறன், சுரங்கத்தின் வாயிலை நெருங்கும்போது 300ஐ ஒட்டி வந்து நிற்கும். அதே வண்டியில் கிடைக்கும் 6.7 லிட்டர் டீசல், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருப்பதால், தன் 475இல் மிகச் சிறிய பங்கைத்தான் இழக்கிறது. முறுக்குவிசையில் இடைவெளி இன்னும் பெரிது: பெட்ரோலுக்கு 485 பவுண்டு-அடி, டீசலுக்கு 1,050.

இதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து சொல்கிறேன். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 16,000 பவுண்டு, சாலை 7 விழுக்காடு ஏற்றம், வேகம் மணிக்கு 50 மைல் என்றால், புவியீர்ப்புக்கு எதிராக ஏறுவதற்கு மட்டும் 150 குதிரைத்திறன் வேண்டும். காற்றின் எதிர்ப்பும் டயர்களின் உராய்வும் அதற்கு மேல். ஆகவே பெட்ரோல் எஞ்சினால் ஏற முடியாது என்பது பொய். ஏறும். ஆனால் நிமிடத்துக்கு 4,500 சுழற்சிக்கு மேல் கத்திக்கொண்டு, இரண்டு கியர் இறங்கி, அப்படியே பல நிமிடங்கள் ஏறும். பின் இருக்கையில் உறங்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும். எஞ்சினுக்குக் கேடு ஒன்றுமில்லை, அது அப்படி ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு மனம் பதறாமல் ஓட்டப் பழக வேண்டும். என் டீசல் அதே ஏற்றத்தில் 2,000 சுழற்சியில், நாங்கள் பேசும் குரலை உயர்த்தத் தேவையில்லாமல் ஏறிவிடுகிறது.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் எனக்கு முக்கியம். முன்பு என்னிடம் ஓர் அரை டன் பெட்ரோல் டிரக் இருந்தது. ஒரு செப்டம்பர் மாலையில் சுரங்கத்தைத் தாண்டி மேற்கே இறங்கும்போது, கியரை முன்கூட்டியே குறைக்காமல் பிரேக்கையே நம்பி வந்துவிட்டேன். பாதி வழியில் கருகிய வாடை காரினுள் வந்தது. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. ஓரத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது முன் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே மெல்லிய நீலப்புகை சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம். அதில் தவறு என்னுடையது, வண்டியுடையது அன்று. பெட்ரோல் எஞ்சினும் தாழ்ந்த கியரில் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். ஆனால் டீசலில் வரும் எக்ஸாஸ்ட் பிரேக், டர்போவின் இதழ்களை மூடி வெளிவரும் புகையையே தடையாக்கி, கால் பிரேக்கைத் தொடாமலே மணிக்கு 45 மைலில் என்னை அந்த இறக்கம் முழுவதும் பிடித்து வைக்கிறது. அந்த ஒன்றுக்காகவே நான் டீசலுக்கு மாறினேன், ஒரு டன் வண்டியாக வாங்கினேன். இதுவரை வருந்தவில்லை.

இன்னொன்றும் உண்டு. 55 அடி நீளத்துக்கு வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து நிற்கும்போது, சாதாரண எரிபொருள் நிலையத்தில் நுழைந்து திரும்பி வெளியேறுவது எவ்வளவு சங்கடம் என்பது முதல் பயணத்திலேயே தெரிந்துவிடும். டீசல்காரர்கள் பெரிய லாரிகளுக்கான அகலமான வரிசையில் நேராக நுழைந்து நேராக வெளியேறலாம்.

முதல்பயணம் எழுதிய பதில்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கதவுத் தூணில் உள்ள ஒட்டுத்தாளைப் பற்றி எந்த விற்பனையாளரும் இதுவரை வாய் திறக்கவில்லை; சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறேன். நான் சொல்லத் தவறிய ஒன்று: டிரெய்லர் இல்லாமல் வண்டி ஓடும் நாட்களில் பெரும்பாலானவை என் அலுவலகத்துக்குப் போய் வருவதுதான். வீட்டிலிருந்து அலுவலகம் 4 மைல். குளிர்காலத்தில் டிரெய்லரை மூடி வைத்துவிடுவோம், டிரக் மட்டும் ஓடும். இது டீசலுக்கு ஒத்துவருமா?

பணிமனை எழுதிய பதில்:

அம்மா, நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டீசல் வண்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன். டீசல் எனக்குச் சோறு போடுகிறது, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தும் நீங்கள் எழுதிய “4 மைல்” என்ற சொல்லைப் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2007ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் பிக்கப்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. 2010 விதிகளை ஒட்டி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பும் சேர்ந்தது. அந்தக் கரைசலைத்தான் எல்லோரும் டிஇஎஃப் என்கிறார்கள், 32.5 விழுக்காடு யூரியா, மீதி தூய நீர். வடிகட்டியில் சேரும் கரி தானாகப் போகாது, எரிந்துதான் போக வேண்டும். அதற்குப் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை ஒட்டி உயர்ந்து, சுமார் இருபது நிமிடமாவது அங்கே நிலைக்க வேண்டும். டிரெய்லர் இழுத்து நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் இது சிரமமில்லாமல் நடந்துவிடும். குளிர்காலக் காலையில் 4 மைல் ஓடும் வண்டியிலோ எஞ்சின் சூடேறுவதற்குள் அலுவலகம் வந்துவிடும். எரிப்பு தொடங்கும், நீங்கள் சாவியை அணைப்பீர்கள், பாதியில் நிற்கும். மாலையில் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். இப்படிப் பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும், எரிப்புக்காகக் கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் கலக்கும் வண்டிகள் உண்டு. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் அளவு ஏறியிருக்கும். மோந்தால் டீசல் வாடை அடிக்கும். ஆயில் குறைவதற்குப் பயப்படுவோம், ஏறுவதற்கும் பயப்பட வேண்டும்.

என் பணிமனைக்கு வரும் டீசல் பிக்கப்களில் எஞ்சினே பழுதானவை குறைவு. யூரியாத் தொட்டியின் சூடேற்றி, தர உணரி, வெப்ப உணரி என்று சுற்றுக் கருவிகள் பழுதானவைதான் அதிகம். அந்த அமைப்பில் கோளாறு என்று கணினி முடிவு செய்துவிட்டால், திரையில் இன்னும் இத்தனை மைல் என்று எண்ணிக்கை இறங்கத் தொடங்கி, பிறகு வேகத்தையே குறைத்துவிடும் வண்டிகள் உண்டு. டிரெய்லரோடு ஊருக்கு வெளியே அந்த எச்சரிக்கை வந்து, விடுமுறையின் பாதியை என் பணிமனைக்கு வெளியே கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே பாவமாக இருக்கும். கருவிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிடலாம் என்று இணையத்தில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது மத்திய தூய காற்றுச் சட்டம் தடைசெய்த வேலை, நான் அந்த வேலையைத் தொடுவதில்லை.

பராமரிப்பும் வேறு. மலைச்சாலை ஐயா சொன்ன அந்த 6.7 லிட்டர் டீசலுக்கு ஆயில் மாற்ற 13 குவார்ட் வேண்டும், 7.3 பெட்ரோலுக்கு 8 போதும். டீசலுக்கு எரிபொருள் வடிகட்டிகளைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், நீர் பிரிப்பானில் சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும். வீட்டில் இருவர் ஓட்டுவீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எரிபொருள் பம்பில் பச்சைப் பிடி என்றால் டீசல் என்று நம்பி நிரப்பாதீர்கள், சில நிலையங்களில் பெட்ரோல் பிடியும் பச்சைதான். டீசல் தொட்டியில் பெட்ரோல் நிரப்பி எஞ்சினை இயக்கிவிட்டால், உயர் அழுத்தப் பம்பில் தொடங்கி இன்ஜெக்டர் வரை மாற்ற நேரிடும்.

டீசலின் பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல் என்று உத்தரவாதம் தரும் ஃபோர்டு, டீசல் எஞ்சினுக்கு 1,00,000 மைல் வரை தருகிறது. ஆண்டுக்கு 15,000 மைல் இழுப்பவர், 12,000 பவுண்டுக்கு மேல் இழுப்பவர், ஓய்வு பெற்று ஆண்டில் பாதியைச் சாலையிலேயே கழிப்பவர் என்னிடம் வந்து கேட்டால் மறு பேச்சின்றி டீசல் என்பேன். மலைச்சாலை ஐயாவுக்கு அது சரி. ஆண்டில் எட்டு மாதம் 4 மைல் ஓட்டும் உங்களுக்கு அது சரியில்லை.

மலைச்சாலை எழுதிய பதில்:

4 மைல் விவரம் தெரிந்திருந்தால் நானும் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். பணிமனை ஐயா சொல்வதே உங்களுக்குப் பொருத்தம். பெட்ரோல் வாங்கினால் இறக்கத்துக்கு மட்டும் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போதே டோ-ஹால் என்ற இழுப்பு முறையை இயக்கி, மணிக்கு 45 மைலுக்கு வந்து, கியரைக் குறைத்துவிட்டுப் பிறகே இறங்கத் தொடங்குங்கள். வேகம் ஏறினால் கால் பிரேக்கை அழுத்தி 5 மைல் குறைத்து உடனே விட்டுவிடுங்கள். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்குவதுதான் பிரேக்கைக் கொல்கிறது. டிரெய்லரின் மின் பிரேக்கைப் புறப்படும் முன் வெற்றுத் திடலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்பயணம் எழுதிய பதில்:

சனிக்கிழமை இரண்டு விற்பனை முற்றங்களுக்குப் போய் ஆறு வண்டிகளின் கதவைத் திறந்து பார்த்தோம். ஒரே நிறத்தில், ஒரே வசதிகளோடு, அருகருகே நின்ற இரண்டு முக்கால் டன் வண்டிகளில் டீசலின் ஒட்டுத்தாள் 1,987 பவுண்டு என்றும், 7.3 பெட்ரோலுடையது 3,040 பவுண்டு என்றும் காட்டின. என் கணவர் இரண்டையும் படம் எடுத்து விற்பனையாளரிடம் காட்டி எங்கள் 2,144 கணக்கைச் சொன்னபோது, அவர் ஒரு டன் வண்டியின் விலையைப் பேசத் தொடங்கிவிட்டார். பெட்ரோல் என்று முடிவு செய்துவிட்டோம். பின் அச்சின் பல் விகிதம் 3.73, 4.30 என்று இரண்டு இருக்கிறதாம். எதைக் கேட்பது?

நெடும்பயணி எழுதிய பதில்:

4.30 கேளுங்கள். எஞ்சினின் முறுக்குவிசை சக்கரத்தைச் சேரும்போது 3.73ஐவிட ஏறக்குறைய 15 விழுக்காடு அதிகமாகப் பெருகும். உயரத்தில் நீங்கள் இழக்கும் வலிமையை அது ஈடுசெய்யாது என்றாலும், ஏற்றத்தில் அடிக்கடி கியர் மாறித் தவிப்பது குறையும், இறக்கத்தில் எஞ்சின் வேகத்தைப் பிடிப்பதும் கூடும். டிரெய்லர் இல்லாத நாளில் கேலனுக்குச் சிறிது மைல் குறையலாம், உங்கள் 4 மைலில் அது பெரிதாகத் தெரியாது. வண்டி கைக்கு வந்ததும், முதல் பயணத்துக்கு முன்பாகவே, எல்லாவற்றையும் ஏற்றி, பிள்ளைகளையும் உட்காரவைத்து, லாரி நிறுத்தம் ஒன்றில் உள்ள எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். அந்தச் சீட்டை இங்கே எழுதினால், கொக்கியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.